இரண்டும் சேரும் இடம்

மேடத்திடம் யார் எந்த மாற்றத்தைப் பற்றிச் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி, "வேற எங்க?" என்பதுதான்.

எங்கள் அலுவலகத்தில் செந்தில் என்று ஒரு புரோகிராமர் இருந்தார். முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் குழந்தைகள், வடலூரில் புதிதாகக் கட்டிய வீடு. புதுமனை புகுவிழா நேரத்தை ஜோசியர் ஒன்றரை மணி நேரம் தள்ளிவைத்துவிட்டார் என்று முந்தின நாள் மதியம் வந்து சொன்னார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். எங்கள் தலைமைப் புரோகிராமரான மேடம் மட்டும் கீபோர்டில் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"வேற எங்க மாறணும்?"

"எல்லாருக்கும் வாட்ஸப் போட்டுட்டேன் மேடம்."

"ஐயருக்கு?"

"போன் பண்ணிட்டேன்."

"சமையலுக்கு?"

"அதுவும் சொல்லியாச்சு மேடம்."

"மாட்டுக்காரருக்கு?"

செந்தில் வாட்ஸப் பட்டியலை விரலால் தள்ளிப் பார்த்தார். மாட்டுக்காரரிடம் வாட்ஸப் கிடையாது. பசுவும் கன்றும் பழைய நேரத்துக்கே வந்து, பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு அடுத்த தெரு விழாவுக்குப் போயிருக்கும். அன்று சாயங்காலம் செந்தில் பைக்கை எடுத்துக்கொண்டு குறிஞ்சிப்பாடிப் பக்கம் மாட்டுக்காரரைத் தேடிப் போனார். இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், மேடம் கடலூர்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். அவர் வீட்டு விழாக்களில் மாட்டுக்கு வேலையே இல்லை. இருந்தும் ஏழு பேர் இருந்த அறையில் மாட்டை நினைத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

மேடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், அதைப் படித்துவிட்டு இந்தப் பெயர் இன்னும் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று கேட்டுக் கடிதம் போடக்கூடியவர். கணவருக்கு மாற்றலாகிக் குடும்பத்தோடு நெய்வேலியை விட்டுப் போய் ஏழெட்டு வருடம் ஆகிறது.

நான் நெய்வேலி நகரியத்தில், நிலக்கரிச் சுரங்க நிறுவனத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சுரங்கத்தில் இறங்கியவன் அல்ல. இறங்குகிறவர் எந்தப் படிவத்தில் எத்தனை கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும் என்று எழுதியவன். ஓய்வுக்குப் பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நகரியத்துக்கு வெளியே கட்டிய வீட்டுக்குப் போன மூன்றாவது மாதம், மசாலா டப்பாக்களுக்கு நான் வரிசை எண் ஒட்டியிருப்பதைப் பார்த்த என் மனைவி, "எங்கயாவது வேலைக்குப் போங்க" என்றாள். போனேன்.

வடலூர் சாலையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடி. கன்வேயர் பெல்ட்டுகளை ஓட்டும் கண்ட்ரோல் பேனல்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சின்ன நிறுவனம். சுரங்கத்தில் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிற பெல்ட்டுகளுக்கு அல்ல. அரிசி ஆலை, பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தொழிற்சாலை, சாம்பலில் செங்கல் அழுத்துகிற யூனிட், இப்படிப்பட்ட இடங்களில் ஓடுகிற சின்ன பெல்ட்டுகளுக்கு. ஏழு பேர் கொண்ட அந்த நிறுவனத்தின் முதலாளியை எம்.டி. என்றுதான் கூப்பிட வேண்டும். அவருக்குச் சுவரில் மாட்ட ஒரு தரச் சான்றிதழ் தேவைப்பட்டது. அதற்கு நடைமுறைகளும் படிவங்களும் எழுத ஓர் ஆள் வேண்டும். என்னைவிடத் தகுதியானவன் கடலூர் மாவட்டத்தில் கிடைப்பது கடினம் என்று எனக்கே தோன்றியது.

முதல் வாரத்திலேயே ஒரு மாற்றப் படிவம் தயாரித்தேன். யார் கேட்டது, யார் பரிந்துரைத்தது, யார் சரிபார்த்தது, யார் ஒப்புக்கொண்டது என்றெல்லாம் ஆறு கட்டங்கள். அழகான படிவம். மேடத்திடம் நீட்டினேன். அப்போது அவருக்கு நாற்பத்து நான்கு வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படிப்பார். படித்துவிட்டுத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"நல்லா இருக்கு சார். யாரெல்லாம் கையெழுத்துப் போடணும்னு ஆறு எடம் இருக்கு. எங்கெல்லாம் மாறணும்னு எழுத ஒரு எடம்கூட இல்லையே?"

குறும்பு எதுவும் இல்லாமல், உண்மையாகவே எங்கே இருக்கிறது என்று தேடுகிற குரலில் கேட்டார். அதுதான் எரிச்சலாக இருந்தது.

அவர் வருவதற்கு முன்னால் அந்த நிறுவனத்தில் வேலை எப்படி நடந்தது என்பதைச் செந்தில் எனக்குக் காட்டியிருக்கிறார். ஒரு வாடிக்கையாளர் வந்தால், ஏற்கெனவே யாருக்கோ எழுதிய மென்பொருளை அப்படியே நகலெடுத்து, இவருக்கு வேண்டியதை மட்டும் அதில் மாற்றிக் கொடுப்பார்கள். 'ரைஸ்மில்', 'ரைஸ்மில் புதுசு', 'ரைஸ்மில் கடைசி', 'ரைஸ்மில் கடைசி சரியானது' என்று கம்ப்யூட்டர் முழுக்கக் கோப்புகள். ஓரிடத்தில் ஒரு தவறைக் கண்டுபிடித்துத் திருத்தினால் மற்ற பத்தொன்பது இடங்களில் அது பத்திரமாக இருக்கும். அடுத்த மழைக்காலத்தில் இன்னொரு ஆலையிலிருந்து அதே தவறைப் பற்றிப் போன் வரும். செந்தில் அதைப் புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டுக்கொள்வார்.

மேடம் ஏழு மாதம் உட்கார்ந்து அத்தனையையும் ஒன்றாக்கினார். எல்லோருக்கும் பொதுவானது ஒரே மென்பொருள். வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் வேறுபடுவது எது என்று தனியாகப் பிரித்து, சுவர் நீளத்துக்கு ஓர் அட்டவணை. மேலே கேள்விகள்: பெல்ட் ஒரு பக்கம் ஓடுமா, இரண்டு பக்கமா? கிளம்பும் முன் சங்கு ஊத வேண்டுமா? எடை பார்க்க வேண்டுமா? பக்கவாட்டில் ஒவ்வொரு வாடிக்கையாளரும். கட்டங்களில் 'உண்டு', 'இல்லை'. அந்தக் கட்டங்களை வைத்துத்தான் மென்பொருள் ஒவ்வொருவருக்கும் தன் முகத்தை மாற்றிக்கொள்ளும்.

இத்துடன் நின்றிருந்தால் அவரை ஒரு நல்ல குமாஸ்தா என்று நான் மதித்திருப்பேன். ஆனால் அட்டவணைக்குக் கீழே ஒரு பட்டியலும் வைத்திருந்தார். ஒரு கட்டத்தில் 'உண்டு' என்று போட்டால் வேறு எந்தக் கட்டம் கட்டாயம் அதோடு மாற வேண்டும் என்கிற விதிகள். பெல்ட் இரண்டு பக்கமும் ஓடும் என்றால் திரையில் இரண்டு அம்புக்குறி வர வேண்டும். சங்கு இரண்டு திசைக்கும் ஊத வேண்டும். கையேட்டில் பக்கம் மாற வேண்டும். இப்படி வரிவரியாக.

"வித்தியாசமா இருக்கறது தப்பில்ல சார்," என்று ஒரு நாள் டீ குடிக்கும்போது சொன்னார். "ஒரு எடத்துல வித்தியாசமா மாறிட்டு, இன்னொரு எடத்துல பழைய மாதிரியே இருந்துச்சுன்னா, ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. அந்த மில்லுல நிக்கிறவருக்கு எது பொய்னு தெரியாது."

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு விதி இருக்கும். அதற்கு ஒரு விலக்கு வரும். விலக்குக்கு ஒரு திருத்தம், திருத்தத்துக்கு ஒரு விளக்கம். நான்கையும் ஒரே கோப்பில் வைத்துக் கட்டுவதுதான் என் வேலை. நான்கும் ஒரே பொருளைச் சொல்கின்றனவா என்று பார்ப்பது யாருடைய வேலை என்று எந்தப் படிவத்திலும் இல்லை. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. டீ ஆறுகிறது என்றேன்.

வீட்டிலும் அவர் அப்படித்தான். கணவர் மைன்ஸில் ஷிஃப்ட் வேலை, திருநெல்வேலிக்காரர், சத்தமாகச் சிரிப்பவர். ஒரு முறை ஏதோ காகிதம் கொடுக்க அவர்கள் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். காலிங் பெல்லுக்கு மேல் ஒரு சின்ன அட்டை தொங்கியது: 'கதவைத் தட்டவும்'. தட்டினேன். உள்ளே ஃப்ரிட்ஜில் மூன்று நிறத்தில் மூன்று வாரங்கள் எழுதி ஒட்டியிருந்தது. நைட் ஷிஃப்ட் வாரத்தில் கணவர் பகலில் தூங்குவார். அந்த வாரம் காலிங் பெல் சுவிட்ச் அணைந்திருக்கும், குக்கர் பத்து மணிக்கு முன்னால் ஏறாது, வேலைக்கார அம்மா மதியம் வருவார், மாமியாரின் டிவி சத்தம் ஒரு கோட்டுக்கு மேல் போகாது.

"சார், போன மாசம் ஃப்ரெண்ட் கேட்டான்னு ஒரு ஷிஃப்ட் மியூச்சுவல் மாத்திக்கிட்டேன்," என்றார் கணவர். "ஃபோர்மேன் ஒரு வார்த்தை கேக்கல. இவதான், வேற எங்க மாத்துனீங்கன்னு நிக்க வச்சுக் கேட்டா. நான் என்னத்த மாத்தினேன்? ஆளு மாறிப் போனேன், அவ்வளவுதான்!"

"பையன் ஸ்கூல் பஸ்சுக்கு யாரு நிக்கிறதுன்னு மாறலயே," என்றார் மேடம் அடுக்களையிலிருந்து. "அவன் அன்னிக்கு ஸ்டாப்ல முக்கால் மணி நேரம் நின்னான்."

"அதான் சார். அன்னைலேர்ந்து நான் மியூச்சுவலே போடுறதில்ல."

சேர்ந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனாலும் அந்த வீட்டில் ஒரு நாளாவது எதையாவது ஒழுங்கில்லாமல் செய்ய அனுமதி உண்டா என்று வரும் வழியில் நினைத்துக்கொண்டேன். அவரோடு வேலை பார்ப்பது களைப்பான காரியம். ஒரு சின்ன விஷயத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிற சுகத்தை அவர் யாருக்கும் கொடுப்பதில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரியப் பல மாதம் ஆனது. 'யார்' என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. ஏதாவது தவறினால் எங்கே, வேறு எங்கே, இவ்வளவுதான். என் அனுபவத்தில் விசாரணை என்றாலே யார் என்பதுதான். ஆள் கிடைத்துவிட்டால் கோப்பை மூடிவிடலாம். அவருக்கு ஆள் கிடைத்தாலும் மூடத் தெரியாது.

இனி ஏழாம் பிரிவுக்கு வருகிறேன்.

அவர் ஒவ்வொரு சேர்க்கையையும் மறுபடி மறுபடி சோதிப்பதால் வேலை தாமதமாகிறது என்று எம்.டி. என்னிடம் அலுத்துக்கொண்டார். என் நடைமுறைக் கையேட்டின் ஏழாம் பிரிவில் அதற்கு ஒரு வழி செய்தேன். 'ஓரிடத்தில் சோதித்து ஒப்புக்கொள்ளப்பட்ட வசதியை வேறோர் இடத்தில் சேர்க்கும்போது மறுசோதனை தேவையில்லை.' எம்.டி. அதைப் படித்துவிட்டு எழுந்து வந்து கைகுலுக்கினார்.

மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "தனித்தனியா சரியா இருக்கறது, சேந்தாலும் சரியா இருக்கும்னு எதை வச்சு சார் எழுதினீங்க?"

"அதையெல்லாம் எழுத வேண்டியதில்லை மேடம். புரிஞ்சுக்க வேண்டியதுதான்."

அவர் வாதாடவில்லை. அட்டவணையில் மஞ்சளாக ஒரு பட்டை சேர்த்து, 'முதல் முறையாகச் சேர்வது' என்று தலைப்பு போட்டுக்கொண்டார். புதிதாக எந்த இரண்டு வசதிகள் ஓரிடத்தில் சேர்ந்தாலும், பிரிவு என்ன சொன்னாலும், மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானே உட்கார்ந்து சோதித்துவிடுவார். அதனால் என் ஏழாம் பிரிவு ஒன்றரை வருடம் எந்தக் கேடும் இல்லாமல் கம்பீரமாக இருந்தது.

அந்த ஆனி மாதம் அவர் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். பத்து நாள் விடுப்பில் கடலூர் போனார்.

வடலூரைத் தாண்டி ஒரு சாம்பல் செங்கல் யூனிட் எங்கள் வாடிக்கையாளர். கலவை இயந்திரத்திலிருந்து ஈரக் கலவையைப் பெல்ட் எடுத்துப் போய், கல் அழுத்துகிற மிஷினில் போடும். ஈரக் கலவை என்பதால் பெல்ட்டின் பின்கோடியில் உள்ள உருளையில் அப்பிக்கொண்டே இருக்கும். தினமும் மதியம் மிஷினை நிறுத்தியதும் ஒருவர் உருளைக்கு அடியில் நுழைந்து சுரண்ட வேண்டும். அதற்காகப் பேனலில் ஒரு சாவி உண்டு. சுரண்டப் போகிறவர் சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார். சாவி இல்லாவிட்டால் பெல்ட் கிளம்பாது. இந்த யூனிட்டுக்காகத்தான் அந்த வசதியைச் செய்தோம்.

யூனிட்காரர் இரண்டாவதாக ஒரு மிஷின் வாங்கி, பெல்ட்டின் பின்கோடிப் பக்கம் நிறுத்தினார். கலவை அந்தப் பக்கமும் போக வேண்டும், பெல்ட் பின்னோக்கியும் ஓட வேண்டும் என்றார். பின்னோட்டம் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஓர் அரிசி ஆலையில் மூட்டைகளை லாரிக்கு ஏற்றவும் லாரியிலிருந்து இறக்கவும் செய்து, சோதித்து, ஒப்புக்கொள்ளப்பட்டது. செந்தில் அட்டவணையில் ஒரு கட்டத்தை 'உண்டு' என்று மாற்றினார். படிவத்தில் 'பிரிவு ஏழின்படி மறுசோதனை தேவையில்லை' என்று எழுதி நான் கையெழுத்திட்டேன். போய்ப் பொருத்திவிட்டு வந்தார். எல்லாம் முறைப்படி நடந்தது.

மேடம் விடுப்பு முடிந்து கடலூரிலிருந்து நேராக மதியம் வந்து சேர்ந்த அன்று, பையைக்கூட மேஜையில் வைக்காமல் அட்டவணைக்கு முன்னால் நின்றார். பிறகு கேட்டார்.

"செந்தில், சாவியும் பின்னோட்டமும் இதுக்கு முன்னாடி எங்கயாவது ஒண்ணா இருந்திருக்கா?"

"இல்ல மேடம். ரைஸ்மில்லுல சாவி கிடையாது. ரெண்டும் தனித்தனியா டெஸ்ட் பண்ணதுதான்."

"பின்னால ஓடச் சொன்னா, அது சாவியப் பாக்குதா?"

செந்தில் திரையைத் திறந்தார். ஒரு நிமிடம் ஆனது. முன்னோக்கி ஓடச் சொல்லும் இடத்தில் சாவி இருக்கிறதா என்கிற கேள்வி இருந்தது. பின்னோக்கி ஓடச் சொல்லும் இடத்தில் இல்லை. அரிசி ஆலைக்காக எழுதியபோது அங்கே சாவி என்றே ஒன்று இல்லை. கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

"அங்க எத்தனை மணிக்கு சுத்தம் பண்ணுவாங்க?"

"ஒரு மணிக்கு மேடம். சாப்பாட்டுக்கு நிறுத்துனதும்."

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது. யூனிட்காரருக்குப் போன் போட்டோம். அடித்துக்கொண்டே இருந்தது. மிஷின் சத்தத்தில் கேட்டிருக்காது. மேடம் மாடிப்படியில் இறங்க ஆரம்பித்துவிட்டார். கீழே என் ஸ்கூட்டர்தான் முதலில் நின்றது. பின்னால் ஏறி உட்கார்ந்தார். செந்தில் தன் பைக்கில் வந்தார். வழி முழுக்க நான் மனதுக்குள் அந்தப் படிவத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு போனேன். அதில் பிழையே இல்லை.

போய்ச் சேர்ந்தபோது மிஷின்கள் நின்றிருந்தன. ஆட்கள் கொட்டகை நிழலில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார்கள். இரண்டாவது மிஷினுக்கு முன்னால் ஒருவர் மட்டும் நின்று, பெல்ட்டில் மீதி கிடந்த கலவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை பேனலுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தக் கோடியில், அவர் கண்ணுக்குப் படாத பக்கம், உருளைக்கு அடியிலிருந்து இரண்டு பாதங்களும் ஒரு புடவை விளிம்பும் தெரிந்தன.

மேடம் யாரையும் கூப்பிடவில்லை. நேராக ஓடிப்போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். ஆபீஸ் அறையில் மின்விசிறி நின்றது.

"யாரது கரண்ட அணைச்சது?" என்று யூனிட்காரர் சோற்றுக் கையோடு வந்தார்.

"கொஞ்சம் இருங்க. யம்மா, வெளிய வாங்க."

"இன்னும் பாதி இருக்குதுங்க," என்றது உருளைக்கு அடியிலிருந்து ஒரு குரல். "சாவி எங்கிட்டதான் இருக்குது. நீங்க போங்க."

"வாங்கம்மா. வெளிய வந்து பேசலாம்."

வந்தார். அஞ்சலை என்று பெயர். வளையமாதேவிப் பக்கம். ஐம்பது வயது இருக்கும். முடி, புருவம் எல்லாம் சாம்பல். சாவி, தாலிக் கயிற்றோடு ஊக்கில் மாட்டித் தொங்கியது.

மேடம் அவரைத் தள்ளி நிற்க வைத்தார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். மெயினை ஏற்றினார். சாவி அஞ்சலையின் கழுத்திலேயே இருக்க, இரண்டாம் மிஷினிடம் போய்ப் பின்னோட்டப் பொத்தானை அழுத்தினார்.

பெல்ட் ஓடியது. அந்த யூனிட்டில் சங்கும் கிடையாது. உருளை தன்மேல் பாதி சுரண்டியிருந்த சாம்பலோடு சுற்றியது.

அஞ்சலை சாவியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார். மறுபடி சாவியைப் பார்த்தார்.

"இது எத்தினி நாளா இப்பிடி?"

"ஒம்போது நாளா," என்றார் மேடம்.

"ஒம்போது நாளா நா உள்ள பூந்து வந்துகினு இருக்கன்." குரல் உயரவில்லை. "யாரு பண்ண வேலைங்க இது?"

யூனிட்காரர் செந்திலைக் காட்டினார். "இந்தத் தம்பிதான் லேப்டாப் எடுத்துகினு வந்து போட்டுட்டுப் போச்சு."

"அவர் இல்ல," என்றார் மேடம். "நான்தான். இந்த ரெண்டும் சேந்தா எது எதைப் பாக்கணும்னு ஒரு வரி எழுதி வச்சிருக்கணும். வைக்காதது நான்."

யார் என்று யாரையும் கேட்காதவர், தன்னைக் கேட்டதும் யோசிக்காமல் பதில் சொன்னார். எனக்கு அந்தப் பதில் பாதிதான் என்று தெரியும். மீதிப் பாதி என் கையெழுத்தில் அலுவலக அலமாரியில் இருந்தது. நான் பேனலின் வயர்களைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னோட்டத்தை அங்கேயே அடியோடு நிறுத்திவிட்டுத் திரும்பினோம். ஸ்கூட்டரில் ஏறியதும், "சார், இந்த ரெண்டும் வேற எங்க சேருது?" என்றார். ஒரு முந்திரித் தொழிற்சாலை இருந்தது. அடுத்த வாரம் பொருத்துவதாக இருந்தோம். சாலையோரம் வண்டியை நிறுத்திச் சொன்னேன். அங்கேயே போன் போட்டு நிறுத்தினார்.

அலுவலகத்தில் எம்.டி. வேறு மாதிரி நினைத்தார். 'அப்டேட்' என்று சொல்லிப் புதியதைப் போட்டுவிட்டால் போதும் என்றார்.

"நம்மள நாமே காட்டிக் குடுக்கணுமா மேடம்?"

"சாவிய நம்பி உள்ள போறவங்க எல்லாருக்கும் தெரியணும் சார். கடிதம் போகாம நான் இனிமே எந்தப் புரோகிராம் வெளியீட்டுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

கடிதத்தை எழுதும் பொறுப்பு எனக்கு. 'சில குறிப்பிட்ட சூழ்நிலைகளில், எதிர்பாராத செயல்பாடு நிகழும் வாய்ப்பு' என்று தொடங்கினேன். மேடம் சிவப்பு மையில் அடித்துவிட்டு மேலே எழுதினார்: 'சாவியை எடுத்த பிறகும் பெல்ட் பின்னால் ஓடும்.' முப்பத்து நான்கு வருடத்தில் நான் அப்படி ஒரு வாக்கியம் எழுதியதில்லை. கடிதம் போனது. ஏழாம் பிரிவை நானே எடுத்துவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான்காம் நாள், திருத்திய மென்பொருளோடு மறுபடி போனோம். சாவியை எடுத்தால் முன்னும் ஓடவில்லை, பின்னும் ஓடவில்லை. பத்து முறை அழுத்திக் காட்டினார் செந்தில்.

"சரியாப் போச்சு. போ அஞ்சல, கலவ காஞ்சிடும்," என்றார் யூனிட்காரர்.

"நா போவல."

"இன்ஜினியரம்மாவே வந்து காட்டிட்டாங்க. இன்னும் இன்னா?"

"மொதல்ல போட்ட அன்னிக்குந்தான் காட்டிட்டுப் போனாங்க."

"தோ பாரு, நீ போவலன்னா வேற ஆளத்தான் பாக்கணும். வேல நிக்கக் கூடாது."

அஞ்சலை சுரண்டியைக் கீழே வைத்தார். வேலையை விட்டுப் போக வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்ட முகம். அவருக்கு அந்த முடிவு எளிதாக இல்லை என்பதும் தெரிந்தது.

"அவங்க சொல்றது சரி," என்றார் மேடம். "என் புரோகிராம நம்பி அவங்க உள்ள போக வேணாம்."

யூனிட்காரருக்குப் புரியவில்லை. "அப்ப நீங்க எதுக்குங்க?"

"பெல்ட்ட ஓட்டறதுக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "சார், மைன்ஸ்ல இதுக்கு என்ன பண்ணுவாங்க?"

எனக்குத் தெரியும். அதைப் பற்றி மூன்று பக்கம் எழுதியவனே நான்தான். உள்ளே போகிறவர் முதலில் மெயினை இறக்க வேண்டும். கைப்பிடியில் பூட்டுப் போட வேண்டும். சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்க்க வேண்டும். பிறகுதான் போக வேண்டும். இவ்வளவு சின்ன இடத்துக்கு அதெல்லாம் எதற்கு என்று எங்கள் கையேட்டில் எழுதாமல் விட்டேன். இப்போதுதான் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

மெயின் சுவிட்சின் கைப்பிடியில் பூட்டுக்கென்றே ஒரு துளை இருந்தது. புதிதாக வாங்கிய நாளிலிருந்து காலியாக இருந்திருக்கிறது. யூனிட்காரர் முனகிக்கொண்டே கேட்டிலிருந்து பூட்டைக் கழற்றி வந்தார்.

"இதுக்கு மாத்துச் சாவி இருக்கா?" என்றார் மேடம்.

"ஆபீஸ்ல ஒண்ணு கெடக்குது."

"அதையும் எடுத்துட்டு வாங்க."

இரண்டும் அஞ்சலையின் கைக்குப் போகும்வரை மேடம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அஞ்சலை மெயினை இறக்கினார். பூட்டினார். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். முதல் மிஷினிடம் நடந்து போய்ப் பொத்தானை அழுத்தினார். இரண்டாம் மிஷினிடம் போய் அழுத்தினார். எதுவும் அசையவில்லை. இரண்டாம் மிஷின் பொத்தானை மறுபடி ஒரு முறை, விரல் வெளுக்கும் அளவுக்கு அழுத்திப் பிடித்தார். பிறகு சுரண்டியை எடுத்துக்கொண்டு உருளைக்கு அடியில் நுழைந்தார்.

மேடம் மெயினுக்குப் பக்கத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நான் பெல்ட்டின் பின்கோடிக்குப் போய், முழங்கால் வலிக்கக் குந்தினேன்.

"அம்மா, அன்னிக்கு யாருன்னு கேட்டீங்களே."

சுரண்டும் சத்தம் நின்றது.

"மேடம் சொன்னது பாதிதான். ரெண்டையும் சேத்து சோதிக்க வேணாம்னு எழுதி வச்சது நான். கையெழுத்துப் போட்டதும் நான்தான்."

பாதங்கள் ஒரு முறை இடம் மாறின.

"பூட்டுச் சாவி ரெண்டும் எங்கிட்டதான இருக்குது," என்றார் அஞ்சலை. "நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார். வெளிச்சத்த மறைக்கிறீங்க."

தள்ளி நின்றேன்.